ஏடிசியின் மின்வழங்கலும் ரெஃபரன்ஸ் மின்னழுத்தமும்

ஏடிசி எனப்படும் அனலாக்-டிஜிட்டல் மாற்றி வெளியிடும் ஒவ்வோர் எண்ணும் ஒரு பின்னம். தொகுதியில் இருப்பது உள்ளீட்டு மின்னழுத்தம். பகுதியில் இருப்பது ரெஃபரன்ஸ் மின்னழுத்தம். 10 பிட் மாற்றி இந்தப் பின்னத்தை 1024-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குகிறது. 16 பிட் மாற்றி 65,536-ஆல் பெருக்குகிறது. உள்ளீடு அசையாமல் இருக்க, ரெஃபரன்ஸ் மட்டும் 1 சதவீதம் இறங்கினால் வெளிவரும் எண் 1 சதவீதம் ஏறும். ஏறியது உள்ளீடா, இறங்கியது ரெஃபரன்ஸா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. மரக்கால் சிறுத்துப் போனால் களத்து நெல் கூடிவிட்டதாகக் கணக்கு வரும். இங்கு நடப்பதும் அதுவே. ஆனாலும் வடிவமைப்பாளர்கள் பிட் எண்ணிக்கைக்குக் காசு செலவழிக்கிறார்கள். பகுதியில் நிற்கும் மின்னழுத்தத்தைக் கிடைத்த சப்ளையில் கட்டிவிடுகிறார்கள். அளவீடு கெடுவது பெரும்பாலும் இங்குதான்.

ரெஃபரன்ஸை மாற்றியின் மொத்தப் படிகளால் வகுத்தால் ஒரு படியின் உயரம் கிடைக்கும். 5 வோல்ட்டை 1024 படிகளாக்கினால் படிக்கு 4.88 மில்லிவோல்ட், 3.3 வோல்ட்டை 4096 படிகளாக்கினால் 0.81 மில்லிவோல்ட். சந்தையில் 4.096 வோல்ட், 2.048 வோல்ட் என்ற விநோதமான மதிப்புகளில் ரெஃபரன்ஸ் சிப்புகள் விற்பதற்குக் காரணமும் இந்த வகுத்தல்தான்: 12 பிட் மாற்றியில் 4.096 வோல்ட் கொடுத்தால் ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட். இதே கணக்கை முழு அளவில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, அதாவது பிபிஎம்மில், போட்டு வைத்துக்கொள்வது நல்லது. 10 பிட்டில் ஒரு படி 977 பிபிஎம், 12 பிட்டில் 244 பிபிஎம், 16 பிட்டில் 15 பிபிஎம். ரெஃபரன்ஸின் பிழையும் பிபிஎம்மிலேயே சொல்லப்படுவதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

சப்ளையே ரெஃபரன்ஸ் ஆகும்போது

ஆர்டுயினோ யூனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா 328பி, கேட்காவிட்டால் 5 வோல்ட் சப்ளையையே ரெஃபரன்ஸாக எடுத்துக்கொள்ளும். எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்புகளின் 48, 64 கால் வடிவங்களில் ரெஃபரன்ஸ் முனை வெளியே வருவதே இல்லை. உள்ளேயே அனலாக் சப்ளையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதனால் என்ன ஆகும் என்பதை எல்எம்35 வெப்ப சென்சாரை வைத்துப் பார்க்கலாம். அது ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும்; 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். சப்ளை சரியாக 5 வோல்ட் என்றால் எண் 61 வரும். நிரல் அதை 29.8 டிகிரி என்று காட்டும். அதே பலகையைக் கணினியின் யூஎஸ்பி துளையில் செருகி, அங்கே 4.75 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், எண் 64 ஆகிறது, திரையில் 31.3 டிகிரி. அறையின் வெப்பம் மாறவில்லை, சென்சார் பிழை செய்யவில்லை. 7805 ரெகுலேட்டர் போட்டாலும் டேட்டாஷீட் உறுதியளிப்பது 4.8 முதல் 5.2 வோல்ட் வரை மட்டுமே. ரிலே ஒன்று இழுக்கும் நொடியில் சப்ளை சற்றே தாழ்ந்தால் வெப்பநிலை துள்ளுவதாகத் தெரியும். சென்சாரை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்தவர்கள் பலர்; மாற்ற வேண்டியிருந்தது பகுதியை.

இதே வேலைக்கு 328பி-யின் உள் ரெஃபரன்ஸான 1.1 வோல்ட்டைத் தேர்ந்தால் இரண்டு நன்மை. சப்ளையின் ஆட்டம் கணக்கிலிருந்து விலகுகிறது. படியின் உயரமும் 1.07 மில்லிவோல்ட்டாகக் குறைந்து, ஏறத்தாழ 0.1 டிகிரி வரை பிரித்துக் காட்ட முடிகிறது. ஆனால் அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை எங்கும் இருக்கலாம். இந்த இடத்தில் இரண்டு பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறக்கும்போதே உள்ள விலகல் ஒன்று. அதை ஒரு நல்ல மல்டிமீட்டரால் ஒரு முறை அளந்து நிரலில் எழுதிவிட்டால் தீர்ந்தது. வெப்பத்தாலும் வயதாலும் வரும் நகர்வு மற்றொன்று. அதை ஒரே முறை திருத்திவிட்டு மறக்க முடியாது. இஎஸ்பி32 சிப்பின் உள் ரெஃபரன்ஸும் 1000 முதல் 1200 மில்லிவோல்ட் வரை வேறுபடுவதால், அளந்த மதிப்பைத் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் அழியாத நினைவகத்தில் பதித்து அனுப்பும் வழக்கம் வந்தது.

உள் ரெஃபரன்ஸைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். சப்ளையை ரெஃபரன்ஸாக வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் 1.1 வோல்ட்டை உள்ளீடாக அளந்தால், வரும் எண்ணிலிருந்து சப்ளை எத்தனை வோல்ட் என்று கணக்கிட்டுவிடலாம். பேட்டரியில் ஓடும் கருவி, கூடுதல் பாகம் எதுவும் இல்லாமல் தன் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்வது இப்படித்தான்.

சப்ளையே ரெஃபரன்ஸாக இருப்பது எப்போதும் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. சென்சார் தானும் அதே சப்ளையின் விகிதத்தையே தருமானால், அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனை, தெர்மிஸ்டர் மின்தடைப் பகுப்பான், தராசின் லோடுசெல் எல்லாம் இந்த வகை. மளிகைக் கடை மின்னணுத் தராசின் தட்டுக்கு அடியில் இருக்கும் லோடுசெல்லில் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று அச்சிட்டிருந்தால், 5 வோல்ட் ஊட்டத்தில் முழு எடைக்கும் அது தருவது 10 மில்லிவோல்ட் மட்டுமே. ஊட்டம் 4.9-க்கு இறங்கினால் அது 9.8 மில்லிவோல்ட் ஆகும். மாற்றியின் ரெஃபரன்ஸும் அதே ஊட்டத்திலிருந்து வந்தால் தொகுதியும் பகுதியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. பின்னம் மாறாது, எடையும் மாறாது. தராசுக்கென்றே செய்யப்பட்ட 24 பிட் எச்எக்ஸ்711 சிப்பு லோடுசெல்லுக்கு ஊட்டம் தரும் அதே மின்னழுத்தத்தை ஒட்டியே அளப்பதால்தான் மலிவான பலகைகளிலும் அது ஓரளவு நிலையாக எடை காட்டுகிறது. இப்படிப்பட்ட சுற்றில் ஊட்டத்தோடு சேராமல் தனியே நிற்கும் விலையுயர்ந்த 2.5 வோல்ட் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்து செருகினால் அளவீடு கெடும். பகுதி அசையாமல் நிற்க, தொகுதி மட்டும் ஆடும்.

பிளாட்டினம் வெப்பமானியான பிடி100-லும் இதே தந்திரம் நடக்கிறது. வெப்பமானி வழியே ஓடும் மின்னோட்டத்தையே ஒரு துல்லிய மின்தடை வழியாகவும் ஓடவிட்டு, அதன் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை ரெஃபரன்ஸாகக் கொடுக்கிறார்கள். மேக்ஸ்31865 சிப்போடு வரும் பலகைகளில் அந்த மின்தடை 430 ஓம். வெளிவரும் எண்ணை 430-ஆல் பெருக்கி 32,768-ஆல் வகுத்தால் பிளாட்டினத்தின் மின்தடை நேரடியாகக் கிடைக்கும். மின்னோட்டம் எவ்வளவு என்று யாரும் அறிய வேண்டியதில்லை. வோல்ட் என்ற அலகே கணக்கில் நுழையவில்லை. பொறுப்பு முழுவதும் அந்த ஒரு மின்தடையின் தலையில் ஏறுகிறது. ஆகவே அதை வெப்பத்துக்கு அசையாத ரகமாக வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

விகித முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மெதுவான மாற்றங்கள் ரத்தாகும். வேகமான இரைச்சல் ரத்தாக வேண்டுமென்றால் அது தொகுதிக்கும் பகுதிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். சிக்னல் பாதையில் சிறிய ஃபில்டரும் ரெஃபரன்ஸ் பாதையில் பெரிய கெப்பாசிட்டரும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு தாமதத்தில் வரும். அப்போது இரைச்சல் அப்படியே மிஞ்சும்.

தனித்து நிற்கும் ரெஃபரன்ஸ்

சென்சார் வோல்ட்டாகவே பேசினால் வோல்ட்டாகவே நிற்கும் ஓர் அளவுகோல் தேவை. எட்வர்ட் வெஸ்டன் 1893-ல் உருவாக்கிய காட்மியம்-பாதரச மின்கலம் 1.018 வோல்ட்டை ஆண்டுக்கணக்கில் மாறாமல் தந்தது. 1911 முதல் பன்னாட்டு அளவுகோலாகவும் இருந்தது. மின்னோட்டம் இழுத்தால் மட்டும் அது கெட்டுப்போகும். 1962-ல் பிரையன் ஜோசப்சன் கணித்துச் சொன்ன விளைவின் அடிப்படையில், அதிர்வெண்ணை மின்னழுத்தமாக்கும் முறை 1990 ஜனவரி முதல் உலகப் பொது வழக்கானது. சர்க்யூட் பலகையில் இவை இரண்டுக்கும் இடமில்லை. அங்கே ஆட்சி செய்பவை பேண்ட்கேப், புதைந்த ஜீனர் என்ற இரண்டும்.

டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்த வித்தியாசமோ வெப்பத்தோடு ஏறும். ஏறுவதைத் தேவையான அளவு பெருக்கி இறங்குவதோடு கூட்டினால் ஏறக்குறைய 1.25 வோல்ட்டில் இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்கின்றன. பேண்ட்கேப் எனப்படும் இந்த எண்ணத்தை டேவிட் ஹில்பிபர் 1964-ல் எழுதினார். ராபர்ட் விட்லர் 1970-களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த சுற்றாக்கினார். பால் புரோக்கா 1974-ல் வெளியிட்ட வடிவம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் 1.1, 1.2 வோல்ட் ரெஃபரன்ஸ்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இன்னும் அமைதி வேண்டுமென்றால் சிலிக்கானின் மேற்பரப்புக்கு அடியில் புதைத்த ஜீனர் இருக்கிறது. மேற்பரப்பின் அழுக்கும் அயனிகளும் அதைத் தொடுவதில்லை. எல்எம்399, எல்டிஇசட்1000 ஆகியவை தமக்குள்ளேயே ஒரு சூடேற்றியை வைத்துக்கொண்டு, தம் வெப்பநிலையைத் தாமே மாறாமல் காக்கின்றன. எட்டரை இலக்க மல்டிமீட்டரான 3458ஏ-யின் இதயம் எல்டிஇசட்1000.

சாதாரணத் தேவைக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெப்ப நகர்வு. எல்எம்4040 என்ற இரண்டு முனை ரெஃபரன்ஸின் நல்ல ரகத்துக்குத் தொடக்கப் பிழை 0.1 சதவீதம், நகர்வு டிகிரிக்கு அதிகபட்சம் 100 பிபிஎம். மேசையில் 25 டிகிரியில் சரிபார்த்த கருவி, வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் 55 டிகிரியைத் தொடுகிறது என்று கொள்வோம். 30 டிகிரி மாற்றத்துக்கு 3000 பிபிஎம். 12 பிட் மாற்றியில் அது 12 படி. 16 பிட் மாற்றியில் ஏறத்தாழ 200 படி. அப்படியானால் அந்தப் பதினாறு பிட்டில் கடைசி ஏழெட்டு பிட்டுகளும் மதிப்பை இழந்துவிட்டன என்றுதான் பொருள். டிகிரிக்கு 2 பிபிஎம் உறுதியளிக்கும் ஏடிஆர்4525 போன்ற சிப்பு போட்டால் அதே 30 டிகிரிக்கு 60 பிபிஎம், 16 பிட்டில் 4 படி. மாற்றியின் விலையைவிட ரெஃபரன்ஸின் விலை கூடிப்போவது இதனால்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை.

பலகையில் பற்றவைத்த சூடு, பிளாஸ்டிக் உறை ஈரம் உறிஞ்சுவது, பலகை வளைவது எல்லாமும் ரெஃபரன்ஸைச் சில பத்து பிபிஎம் நகர்த்தக்கூடும். துல்லியக் கருவிகளில் ரெஃபரன்ஸ் சிப்பைச் சுற்றி மூன்று பக்கம் பலகையை அறுத்து ஒரு நாக்குபோல் தனியே விட்டிருப்பார்கள். பலகையின் இறுக்கம் சிப்பை எட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு.

மதிப்பைத் தேர்வது எளிது. சிக்னலின் உச்சம் 2 வோல்ட்டைத் தாண்டாது என்றால் 2.048 வோல்ட் போதும்; 4.096 கொடுத்தால் படிகளில் பாதி வீணாகும். மேற்பக்கம் சப்ளை தடையாக நிற்கும். 5 வோல்ட் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ரெஃபரன்ஸை எடுக்க இயலாது. ரெஃபரன்ஸ் சிப்புக்கும் மேலே கொஞ்சம் இடம் வேண்டும். ஏடிஎஸ்1115 என்ற மாற்றிச் சிப்பில் அளவெல்லையை 6.144 வோல்ட் என்று தேர்ந்துவிட்டு 6 வோல்ட்டைக் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த எல்லை கணக்குக்கு மட்டுமே. உள்ளீட்டு முனையில் சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

ரெஃபரன்ஸ் முனை இழுக்கும் மின்னூட்டம்

வெஸ்டன் மின்கலத்துக்கு இருந்த சங்கடம் சிப்பிலும் தொடர்கிறது. எஸ்ஏஆர் வகை மாற்றி ஒவ்வொரு பிட்டையும் முடிவு செய்யும்போது ரெஃபரன்ஸ் முனையிலிருந்து ஒரு சிறு மின்னூட்டத்தைச் சட்டென்று இழுக்கும். சில நானோநொடிகளில் நடக்கும் இந்த இழுப்புக்கு ரெஃபரன்ஸ் சிப்பால் ஈடுகொடுக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்தான் ஈடுகொடுக்க வேண்டும். 16 பிட் எஸ்ஏஆர் மாற்றிகளுக்கு ரெஃபரன்ஸ் முனையை ஒட்டியே 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் கேட்பார்கள். எக்ஸ்5ஆர் அல்லது எக்ஸ்7ஆர் ரகம். அளவில் மிகச் சிறியதை வாங்கினால் மின்னழுத்தம் ஏறும்போது அதன் கொள்ளளவு சரிந்து, அச்சிட்ட 10 பாதியாகக்கூட ஆகலாம். அதனால் ஓரளவு பெரிய உடலுள்ளதை வைப்பதே நல்லது. அதே நேரத்தில், எல்லா ரெஃபரன்ஸ் சிப்புகளும் பெரிய கெப்பாசிட்டரைச் சுமக்க ஒப்புவதில்லை. டிஎல்431 சில கெப்பாசிட்டர் மதிப்புகளில் அலைவு போடத் தொடங்கும். டேட்டாஷீட்டில் இருக்கும் நிலைத்தன்மை வரைபடத்தைப் பார்க்காமல் அதில் கெப்பாசிட்டர் சேர்க்கக் கூடாது.

இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் சப்ளையைப் பாதியாக்கி ரெஃபரன்ஸ் முனையில் கொடுப்பது மாணவர் திட்டங்களில் அடிக்கடி காணப்படும் தவறு. சப்ளையின் ஆட்டம் அப்படியே பாதியாக வந்து சேர்கிறது. முனை இழுக்கும் மின்னோட்டம் மின்தடையில் விழுந்து மதிப்பையும் கெடுக்கிறது. தவிர்க்க முடியாத இடத்தில் நடுவே ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் வேண்டும். ஏடிமெகா சிப்பில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: ரெஃபரன்ஸ் முனையில் வெளி மின்னழுத்தம் இருக்கும்போது நிரலில் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தால் இரண்டும் உள்ளே குறுக்கிட்டு மோதும்.

சப்ளையும் கிரவுண்டும்

நல்ல ரெஃபரன்ஸ் இருந்தால் சப்ளை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பது பாதி உண்மை. சப்ளையின் ஆட்டத்தை மாற்றியும் ரெஃபரன்ஸும் ஓரளவு வடிகட்டும். அந்தத் திறன் குறைந்த அதிர்வெண்ணில் நன்றாக இருக்கும், அதிர்வெண் ஏற ஏறத் தேயும். ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ரிப்பிள் போடுவது சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில்தான். 500 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ரெகுலேட்டரின் ரிப்பிளை, நொடிக்கு 1,00,100 மாதிரி எடுக்கும் மாற்றி உள்வாங்கினால் அது 500 ஹெர்ட்ஸ் சிக்னலாக முகம் மாற்றிக்கொண்டு வந்து உட்காரும். அதன் பிறகு எந்த நிரலாலும் அதை அசல் சிக்னலிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே வழக்கமான வரிசை: ஸ்விட்சிங் ரெகுலேட்டர், அதற்குப் பின் ஃபெரைட் பீட், அதற்குப் பின் எல்டிஓ ரெகுலேட்டர், கடைசியில் முனைக்கு முனை 100 நானோஃபாரட். எல்டி3042 போன்ற சில எல்டிஓக்கள் 1 மெகாஹெர்ட்ஸிலும் ரிப்பிளை 79 டெசிபல் அடக்கும். சாதாரண எல்டிஓவிடம் அதை எதிர்பார்க்க முடியாது, பீட்தான் உதவும். பீட்டும் செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து தாமே ஒத்ததிர்வு போடுவதும் உண்டு. அப்போது ஓர் ஓம் அளவிலான சிறு மின்தடையைத் தொடராக வைத்தால் அடங்கும்.

328பி-யின் டேட்டாஷீட் இதையே சிறிய அளவில் சொல்கிறது: அனலாக் சப்ளை முனையை டிஜிட்டல் சப்ளையோடு 10 மைக்ரோஹென்றி காயில் வழியாக இணைத்து, 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரால் கிரவுண்டுக்கு இறக்க வேண்டும், இரண்டு சப்ளைகளுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு எளிய மருந்து உண்டு. அளவுகளை 20 மில்லிநொடிக்கோ அதன் முழு மடங்குகளுக்கோ சராசரி எடுத்தால் ஒரு சுழற்சியின் மேடும் பள்ளமும் சமமாகி மறையும்.

கிரவுண்ட் என்பது பூஜ்ஜியம் என்று வரைபடத்தில் எழுதியிருக்கும். தாமிரத்துக்கு அது தெரியாது. பலகையில் 0.25 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு தடம் 200 சதுரங்களுக்குச் சமம். 35 மைக்ரான் தடிமனில் சதுரத்துக்கு ஏறத்தாழ 0.5 மில்லி ஓம் என்றால் மொத்தம் 0.1 ஓம். அதில் எல்இடி காட்சிப் பலகையின் 50 மில்லி ஆம்பியர் திரும்பி ஓடினால் 5 மில்லிவோல்ட் எழும். சென்சாரின் கிரவுண்டும் அதே தடத்தில் கட்டப்பட்டிருந்தால், 3.3 வோல்ட் 12 பிட் மாற்றியில் 6 படிப் பிழை. அதுவும் எல்இடி எரியும்போது மட்டும் வந்து போகும். தனித்தடம் போட்டால், அல்லது பலகையின் ஒரு முழு அடுக்கையும் கிரவுண்டாக விட்டால் இது மறையும். சிப்பில் அனலாக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு முனை இருப்பதைப் பார்த்துப் பலகையையே இரண்டாக வெட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்தப் பெயர்கள் சிப்பின் உள்வயரிங்கைக் குறிப்பவை. பெரும்பாலான மாற்றிகளில் இரண்டையும் சிப்பின் அடியிலேயே ஒரே அனலாக் கிரவுண்டில் இறக்க வேண்டும். வெட்டிய இடைவெளியைத் தாண்டி ஒரே ஒரு சிக்னல் தடம் போனாலும் அதன் திரும்பு மின்னோட்டம் பலகையைச் சுற்றிக்கொண்டு வரும். வெட்டாமல் விட்டதைவிட மோசமாகும்.

மின்சாரம் ஏறும் வரிசையும் முக்கியம். சென்சாருக்கு மின்சாரம் வந்து மாற்றிக்கு வராமல் இருந்தால், உள்ளீட்டு முனையின் பாதுகாப்பு டையோடு வழியே சிப்பு முழுவதும் அரைகுறையாக உயிர்பெறும்; சில சிப்புகள் தாழிட்டுக்கொண்டு சூடேறும். உள்ளீட்டில் ஒரு கிலோ ஓம் அளவில் தொடர் மின்தடை வைத்தால் அந்த மின்னோட்டம் கட்டுக்குள் வரும்.

கட்டி முடித்த சுற்றைச் சோதிப்பதில் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். தொகுதி பூஜ்ஜியமாக இருக்கும்போது பகுதி எப்படி ஆடினாலும் பின்னம் பூஜ்ஜியம்தான். ரெஃபரன்ஸின் இரைச்சல் அங்கே தலைகாட்டாது. உள்ளீட்டை முழு அளவின் தொண்ணூறு சதவீதத்தில், ஒரு புது மின்கலம் போன்ற அமைதியான மூலத்தால் நிறுத்தி, அதே சிதறலை மறுபடி பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்தில் இரண்டு படியாக இருந்த சிதறல் இங்கே எட்டுப் படியானால், கூடுதல் சிதறலை ரெஃபரன்ஸ் பாதையிலிருந்து தேடத் தொடங்கலாம். அடுத்து ரெஃபரன்ஸ் சிப்பின் மேல் முடி உலர்த்தியின் வெதுவெதுப்பான காற்றைச் சில நொடி காட்டினால் வெப்ப நகர்வு எண்களில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். ரிலேவையும் எல்இடியையும் ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தால் கிரவுண்டின் பங்கும் பிரிந்து தெரியும்.